அறுபத்து மூன்று எலுமிச்சம்பழம் குத்திய தொப்பி

அக்டோபர் 19, 2018. வெள்ளி

இந்தக் குறிப்பேட்டில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. இதைக் கிழக்கு பார்த்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, வாயில் வெற்றிலை இல்லாத நேரமாகப் பார்த்து அறிவிக்கிறேன். முத்தியால்பேட்டை கலிவரதனாகிய நான் நாற்பது வருடம் நாடக உடுப்பு வாடகைக் கடை நடத்தியவன். புதுச்சேரியில் பள்ளிக்கூட மேடை ஏறிய எண்பதாயிரம் ராஜாக்களுக்கு இந்தக் கையால் கிரீடம் வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட கை இன்று எதைத் தொட்டது என்று எழுதவே பேனா கூசுகிறது.

எங்கள் தாத்தா கோதண்டபாணி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகப் போய், முதல் உலகப் போரில் ஒரு ஜெர்மன் ஜெனரலின் தலையைச் சீவி, அந்தத் தலையில் இருந்த தொப்பியைக் கொண்டுவந்தார். கறுப்புத் தோல் தொப்பி. நெற்றியில் இறக்கை விரித்த பித்தளைக் கழுகு. உச்சியில் ஒரு சாண் பித்தளைக் கூர். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, ஸ்குரூ டிரைவர், அக்கா மகள் குமுதினியின் ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றோடும் இந்தத் தொப்பியையும் வைத்து, சந்தனம், குங்குமம் பூசி, எண்ணெய் தடவி, கூரில் ஓர் எலுமிச்சம்பழம் குத்துவது எங்கள் குலவழக்கம். சோழர் காலத்திலிருந்து நடக்கிறது.

நேற்றுப் பூஜையில் பழம் குத்தும்போது கொஞ்சம் வேகமாகக் குத்திவிட்டேன். தொப்பி பலகையிலிருந்து உருண்டு, அம்மிக்கல்லில் மோதி, மண்டை ஒடுங்கியது. சுண்டல் சாப்பிட வந்திருந்த சவரி ஐயா, பிரெஞ்சு மரியாதையில் முசியே சவரி, சொல்தா குடும்பங்களின் சங்கத்துக்குச் செயலாளர், அதை எடுத்துப் பார்த்துவிட்டு உடனே கீழே வைத்தார். கையை முகர்ந்தார். பிறகு மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார்.

"கலி, நவம்பர் பதினொண்ணு போர் முடிஞ்சி நூறு வருஷம். செத்தவங்க பேருதான் பீச்சு நெனவுக் கல்லுல இருக்குது. உசுரோட திரும்பி வந்தவங்க பேர ஒருத்தனும் இதுவரைக்கும் படிச்சதில்ல. இந்த வாட்டி பீச்சுல பந்தல் போட்டுப் படிக்கிறோம். ஆனா குடும்பத்துக்கிட்ட ஒரு அத்தாட்சி இருக்கணும். உங்க தாத்தாவோட காயிதம்?"

"கரையான் சாப்பிட்டுது."

"அப்ப இதான். எட்டாம் தேதி கமிட்டி பாக்கும். இந்தக் கோலத்துல கொண்டாந்தியோ, பேர அடிச்சிடுவாங்க."

"வைரம் மாதிரி ஆக்கிக் கொண்டாரேன்" என்றேன்.

அடுப்படியிலிருந்து என் அக்கா தனபாக்கியத்தின் குரல் வந்தது. "அந்தக் கருமத்த வெளிய எடுக்காதீங்கடா."

அக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. அந்தத் தொப்பியை அவள் தொட்டு நான் பார்த்ததேயில்லை. பூஜையன்றுகூட அந்தப் பலகைப் பக்கம் வரமாட்டாள். வீரம் என்றால் சிலருக்கு ஒவ்வாது.

அக்டோபர் 20, சனி

ஆய்வு தொடங்கியது. மாடியில் என் அறை வாசலில் பழைய பாயை விரித்து, மூக்கில் துண்டு கட்டி உட்கார்ந்தேன்.

வெளிப்புறத்தில் எண்ணெய், சந்தனம், குங்குமம், கற்பூரக் கரி, அதன்மேல் தூசி, அதன்மேல் அடுத்த வருட எண்ணெய். வேப்பங்குச்சியால் சுரண்டினால் பக்கோடா மாதிரி பெயர்ந்து வருகிறது. அறுபத்து மூன்று அடுக்கு எண்ணினேன், நாயன்மார் கணக்கு. ஓர் அடுக்கில் முழு எறும்பு ஒன்று, கைகூப்பிய நிலையில்.

கூரின் அடியில் எலுமிச்சைச் சாறு வருடா வருடம் வழிந்து பித்தளையைத் தின்று பச்சைக் களிம்பாகப் பூத்திருக்கிறது. எண்ணெயோடு சேர்ந்து அது மெழுகுபோல், மூக்குச்சளிபோல் கையில் இழைகிறது. நாற்றத்தை எப்படிச் சொல்வது? மீன் சந்தையில் ஒரு பழைய செருப்பைப் புதைத்து அதற்கு நெய்யபிஷேகம் செய்தால் வருவது. எதிர்வீட்டு மதில்மேல் இருந்த காக்கைகள் கூட்டம் கூட்டமாகக் கடலூருக்குக் குடிபெயர்ந்தன.

மதியம் சோறு இறங்கவில்லை. கத்திரிக்காய் எண்ணெய்க் குழம்பாம். எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 21, ஞாயிறு

கழுகின் ஒரு இறக்கை தெரிந்தது. எனக்கு இரண்டு முறை வாந்தி.

அக்டோபர் 23, செவ்வாய்

தொப்பியின் கூர்முனையைக் கழற்றினேன். அதன் கழுத்தில் காற்றுப் போக வரிசையாகத் துளைகள் உண்டு. உள்ளே கரப்பான் முட்டைக்கூடுகள், காராமணி மாதிரி, நானூறு. ஒன்று வெடித்து என் மணிக்கட்டில் குட்டிகள் ஓடின. நான் அலறியதாகக் குமுதினி சொல்கிறாள். அது போர்முழக்கம்.

குமுதினி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போனில் ஒரு வெள்ளைக்காரன் இதேபோன்ற தொப்பியைப் பழுது பார்க்கும் படத்தைக் காட்டினாள். அவன் கையில் வெள்ளைக் கையுறை. மேசையில் பூச்சாடி.

"பாருங்க மாமா, எவ்ளோ நீட்டா பண்றாரு."

"அவன் தொப்பியில யாரும் சாமி கும்புடல."

இனி முக்கியமான கண்டுபிடிப்பு. தொப்பியின் உட்புறத்தில் தலையைச் சுற்றித் தோல் பட்டைகள், நாக்கு நாக்காக. அந்த நாக்குகளுக்குப் பின்னால், தையல் ஓரமெல்லாம், காய்ந்த பழுப்பு வண்ணப் பொருள் ஒன்று படிந்திருக்கிறது. கஞ்சி காய்ந்து வார்னிஷ் ஆனது மாதிரி. சில இடத்தில் சுண்ணாம்பு வெள்ளை. ஈரத்துணி பட்டதும் அது இளகி நூலாக இழுத்தது. நான் இந்த வாழ்க்கையில் பார்த்தவற்றுள் மிக அருவருப்பான நூல் அது.

யோசித்தேன். வெட்டுப்பட்ட தலை. உள்பக்கம் படிந்த பொருள். வேறென்ன? ஜெனரலின் மூளை!

வெங்காயக் கத்தியால் சுரண்டி, காலி மூக்குப்பொடி டப்பாவில் போட்டு, "ஜெனரலின் மூளை. தொடாதீர்" என்று லேபிள் ஒட்டினேன். கமிட்டிக்காரர்கள் இதைப் பார்த்து மயங்கி விழுவார்கள்.

டப்பாவை அக்காவிடம் காட்டினேன். லேபிளைப் படித்தாள். அவள் முகம் போன போக்கை விவரிக்க முடியாது. நேராகப் போய்க் குழாயடியில் கைகழுவினாள். டப்பாவை அவள் தொடவேயில்லை, கை கழுவ என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அக்டோபர் 24, புதன்

மண்டையின் ஒடுக்கை எடுக்கவேண்டும். வெள்ளைக்காரன் ஏதோ மரஅச்சு வைத்து, ஆவி காட்டி, பதினைந்து நாள் காத்திருக்கிறான். எனக்குப் பொறுமை கிடையாது, புத்தி உண்டு. உலர்ந்த கொண்டைக்கடலையைத் துணிப்பையில் இறுக்கி, தொப்பிக்குள் திணித்து, கயிற்றால் கட்டித் தண்ணீர் தெளித்தேன். கடலை ஊறும், உப்பும், ஒடுக்கை உள்ளிருந்து தள்ளும். காகிதக்கூழ்க் கிரீடங்களை இப்படித்தான் நிமிர்த்துவேன். இந்த ரகசியம் தெரிந்த கடைசி மனிதன் நான்தான் என்று நினைக்கிறேன். முதல் மனிதனும் நான்தான்.

பூஜைச் சுண்டலுக்கு வாங்கியதில் வேகவைக்காமல் மிஞ்சிய கடலை. அக்காவிடம் கேட்கவில்லை.

அக்டோபர் 26, வெள்ளி

மழை. இரண்டு நாளாக மாடிப்படி வழுக்குகிறது. தொப்பி தானே வேலை செய்துகொள்ளும்.

அக்டோபர் 28, ஞாயிறு

எழுதக் கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் வரலாறு.

காலையில் குமுதினி துணி காயவைக்க மாடிக்கு வந்தவள், கூடையைக் கீழே போட்டுவிட்டு, "மாமா! எலி செத்துடுச்சி! பத்து எலி!" என்று கத்தினாள். எலி இல்லை. தொப்பி. கடலை ஊறி, உப்பி, புளித்து, நுரை கக்கியிருந்தது. நுரை கழுகின் கண்வழியாக வழிந்தது. உச்சியில் கூர் இருந்த துளை வழியாக முளைகள், வெள்ளையாக, சுருண்டு, புழு மாதிரி எட்டிப்பார்த்தன. கிருஷ்ணா வாய்க்கால் சாக்கடைத் தண்ணீரை இரண்டு படி முகந்து, அதில் மோரை ஊற்றி, நவம்பர் மழையில் மூடி வைத்தாலும் இந்த நாற்றம் வராது. அறைச் சுவரில் இருந்த பல்லி தானாகக் கீழே விழுந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறியது.

பையை இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். வந்தது, சத்தத்தோடு. என் சட்டை, லுங்கி, மீசை.

ஒடுக்கு எழும்பிவிட்டது! மண்டை முட்டையாக உருண்டு நிற்கிறது. ஆனால் பின்பக்கம் இரண்டு அங்குலத்துக்குத் தோல் பிளந்துவிட்டது.

குமுதினி பிளவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பேரு போச்சு மாமா. பதினாலு நாள்தான் இருக்குது. இப்டி ஒடைஞ்சத எடுத்துட்டுப் போனா தாத்தா பேர அடிச்சிடுவாங்க. நூறு வருஷத்துல ஒரே ஒரு தடவ படிக்கிறாங்க. அதையும் வெளையாட்டாப் பண்ணிட்டீங்க."

அவள் கண்ணில் நீர் இருந்தது. நாற்றத்தால் இருக்கும்.

அக்டோபர் 29, திங்கள்

நினைத்திருந்தால் இன்று சிரித்திருப்பேன். வேண்டுமென்றே சிரிக்கவில்லை.

அக்டோபர் 31, புதன்

மூன்று நாள் உட்கார்ந்தேன். மல்துணியை நூல்நூலாகப் பிரித்து, பிளவுக்குள் பசையோடு செருகி, மேலே அரக்கையும் விளக்குக் கரியையும் ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. காயவிட்டு இன்னொன்று. மொத்தம் பன்னிரண்டு பூச்சு. களிம்பை மூங்கில் சிம்பாலும் துணியாலும் மட்டுமே எடுத்தேன். புளி போட்டுத் தேய்க்கச் சொன்ன பக்கத்துவீட்டு அம்மாளைக் கண்ணால் எரித்தேன்.

பிளவு எங்கே இருந்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. ஒரு நகக்கண் மட்டும் பச்சையாக இருக்கிறது. அது என்னுடையது.

இதை அடக்கமாக எழுதுகிறேன். நான் மகாமேதை.

நவம்பர் 2, வெள்ளி

பந்தலில் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் நான்கு வரி பேசலாமாம். நான் இருபத்தெட்டுப் பக்கம் எழுதினேன். இன்று சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவையும் குமுதினியையும் உட்காரவைத்து, நின்றபடி வாசித்தேன். ஒற்றை அரிவாளோடு தாத்தா நாற்பத்தேழு ஜெர்மானியரைச் சாய்க்கிறார். நாற்பத்தெட்டாவதாக வெண்குதிரைமேல் ஜெனரல். "புதுச்சேரிப் புலியே, உன் பெயர் என்ன?" என்று ஜெனரல் சுத்தமான தமிழில் கேட்கிறான். தாத்தா பெயரைச் சொல்லி முடிக்குமுன் தலை தரையில். இந்த இடத்தில் பொடி டப்பாவை உயரத் தூக்கிக் காட்டினேன்.

"மூடுடா" என்றாள் அக்கா.

"டப்பாவையா?"

"வாய. அப்புறம் டப்பாவையும்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அது இன்னான்னு தெரியுமாடா ஒனக்கு? தாத்தாவோட சளிடா அது. அந்தத் தொப்பி எச்சிப் படிக்கம். சாகற வரைக்கும் அதுலதான் துப்புனாரு. விடிஞ்சா நெறைஞ்சிருக்கும். பதினோரு வயசுல நான்தான் கொல்லைக்குத் தூக்கினு போயிக் கொட்டி, சாம்பலும் சுண்ணாம்பும் போட்டுக் கழுவுவன். கழுவக் கழுவப் போவாது. சோறு தின்ன முடியாது எனக்கு. மூள மூளன்னு டப்பாவுல போட்டு வெச்சிருக்கான் பாரு, மூள இல்லாதவன்."

குமுதினி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

நான் டப்பாவைப் பார்த்தேன். அதன் மூடியைத் திறந்து நான் எத்தனை முறை முகர்ந்து பார்த்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

"தாத்தா ஏன் அப்படித் துப்புனாரு?" என்று கேட்டேன்.

"ஒனக்குத் தெரியாது?" என்றாள் அக்கா. என்னையே பார்த்தாள். "ஒனக்கு நெஜமா ஞாபகம் இல்ல?"

நினைவில்லை. அப்போது எனக்கு ஆறு வயது. நினைவில்லை என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

நவம்பர் 3, சனி

கை கழுவினேன். பதினொரு முறை. டப்பாவைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டேன்.

நவம்பர் 4, ஞாயிறு

தீபாவளிக்கு முறுக்கு சுடும் நாள். அக்கா பிழிய, நான் எண்ணெயிலிருந்து எடுத்துத் தாளில் போட வேண்டும். பிழிந்துகொண்டே, நான் கேட்காமலே, அவள் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு குதிரையைக்கூடச் சேர்க்கவில்லை.

"விஷப் புகையக் குடிச்சிட்டுக் கெடந்தாராம். ஒரு கொட்டாயில வைக்கோலப் போட்டு வரிசையாப் படுக்க வெச்சிருந்தாங்களாம். நெஞ்சுலேருந்து வந்துக்கினே இருக்குமாம், நிக்காது. துப்பறதுக்கு ஒரு ஏனம் கெடையாது. வைக்கோல்ல துப்புனா அங்க இருக்கறவன் திட்டுவானாம், மத்தவங்களுக்கு ஒட்டிக்கும்னு. முழுங்கவும் முடியல. பக்கத்துல ஒரு ஜெர்மன்காரப் பையன். காலு போயிருந்துது. கைதியாப் புடிச்சாந்து போட்டிருந்தாங்க. அவன் இவரப் பாத்துக்கினே இருந்தானாம். அப்புறம் தலைமாட்டுல இருந்த தொப்பிய எடுத்து, திருப்பி, இவரு வாய்க்கிட்ட நீட்டுனானாம்."

"அவன் தொப்பியா?"

"அவன் தொப்பிதான். கழுகு, கூரு எல்லாம் பளபளன்னு. தாத்தாவுக்குக் கூச்சம். தலைய ஆட்டுனாராம். அவன் ஏதோ சொன்னானாம், பாஷை புரியல. ரெண்டு நாளு புடிச்சினு இருந்தான். ஒரு கை வலிச்சா இன்னொரு கைக்கு மாத்திக்குவானாம். முறுக்கு கருகுது பாரு."

எடுத்தேன்.

"மூணாம் நாளு இவர வேற எடத்துக்குத் தூக்குனாங்க. தொப்பிய அவன்கிட்டத் திருப்பிக் குடுத்திருக்காரு. அவன் உள்ள எட்டிப் பாத்துட்டு, வேணாம், நீயே வெச்சிக்கன்னு கைய ஆட்டிட்டானாம். எவன்டா வாங்குவான் அத?" அக்கா சிரித்தாள். இந்தக் கதையைச் சொல்லும்போது தாத்தாவும் அந்த இடத்தில்தான் சிரிப்பாராம். சிரித்தால் இருமல் வரும். இருமினால் தொப்பி வேண்டும்.

"அவன் பேரு?"

"இவரு கேக்கல. கேக்கத் தெரியல. பேரு கேக்காம வந்துட்டனேன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு."

அக்கா அடுத்த ஈட்டு மாவை உரலில் அடைத்தாள். "முத எலுமிச்சம்பழத்த அதுல யாரு குத்துனதுன்னு ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

"சோழர்கள்."

"நீ. அவரு செத்த வருஷம். பள்ளிக்கூடத்துல ஒன்ன இருமல் சொல்தா பேரன்னு கூப்புட்டாங்க. கிட்ட ஒக்கார மாட்டாங்க, ஒட்டிக்கும்னு. அழுதுக்கினு வந்த. மறுநாளு ஜெனரல் தலைய வெட்டுன கதையச் சொல்லிட்டு வந்த. ஆயுத பூஜைக்கு நீயா அந்தப் படிக்கத்த எடுத்தாந்து நடுவுல வெச்சி, பொட்டு வெச்சி, பழத்தக் குத்துன. அப்பா அடிக்கக் கைய ஓங்குனாரு. அம்மாதான் போவட்டும் வுடுன்னாங்க. எச்சிப் படிக்கத்தக் கும்புடற குடும்பம் ஒலகத்துலயே நம்மதான்."

முறுக்கு இந்த வருடம் நன்றாக வந்திருக்கிறது. ஓமம் கொஞ்சம் தூக்கல்.

நவம்பர் 6, செவ்வாய், தீபாவளி

எண்ணெய்க் குளியல். புது வேட்டி. என் அலமாரியில் சட்டைகளுக்குப் பின்னால் பொடி டப்பாவைப் பார்த்ததாகக் குமுதினி சொல்வது அபாண்டம். அது வேறு டப்பா. அதே லேபிள் ஒட்டிய வேறு டப்பா.

நவம்பர் 8, வியாழன்

கமிட்டி. சவரியும் இன்னும் மூன்று முசியேக்களும், நெஞ்சில் அப்பன், பாட்டன் பதக்கங்களோடு. தொப்பியைத் துணியிலிருந்து எடுத்தேன். அரக்கு, குளத்துத் தண்ணீர் மாதிரி கறுத்து மின்னியது. கழுகு இரண்டு இறக்கையோடு. கூரின் நுனி எலுமிச்சை தின்றது தின்றதுதான். அதை மறைக்கவில்லை. ஒரு முசியே தொப்பியின் பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்து மீசை ஒதுக்கினார்.

இன்னொருவர் தொப்பியைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். "உள்ளப் பட்டை ஒரே கறையா கீதே. புதுத்தோல் போட்டுடலாமே. இல்லாட்டி நல்லாச் சுரண்டிடு."

"உள்ள கை வெக்க முடியாது" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. பழுது பார்க்கும் சாஸ்திரம் அப்படி என்று ஒரு பொய் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். கோதண்டபாணி பெயர் பட்டியலில் ஏறியது, முப்பத்தோராவது.

சவரி தோளில் தட்டினார். "அந்த ஜெனரல் கதைய மட்டும் நாலு வரியில சொல்லு. சின்ன வயசுலேருந்து கேக்கறன். பேரப்புள்ளைங்கள்லாம் வருது."

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பேரு படிக்கட்டும்" என்றாள். "வேணும் எனக்கு. அவருக்காவ வேணும். ஆனா நீ அங்க தலை வெட்டுன கதையச் சொன்ன, நான் எழுந்து நின்னு எல்லாத்தியும் சொல்லிடுவன். அந்தப் பையன் தலையவா வெட்டுனாரு? அவன் கை வலிக்கப் புடிச்சான்டா."

நவம்பர் 10, சனி

இருபத்தெட்டுப் பக்கம். நான்கு வரி. இருபத்தெட்டுப் பக்கம். நான்கு வரி. மோர் மட்டும் குடித்தேன்.

நவம்பர் 11, ஞாயிறு

பீச் ரோட்டுப் பந்தல். லட்சோபலட்சம் மக்கள். கடலில் எட்டுப் போர்க்கப்பல்கள். பிரெஞ்சு ராணுவ வாத்தியம், யானை, ஒட்டகம். நான் மேடை ஏறியதும் அலைகள் நின்றன.

முப்பது பெயர்கள் முடிந்தன. பெயர் படிக்குமுன் குடும்பம் பேசவேண்டும் என்பது ஒழுங்கு. சவரி என்னைக் கூப்பிட்டார். முன்வரிசைப் பிள்ளைகள் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டன, என்னைத் தெரியும். மேசைமேல் தொப்பியை வைத்தேன். சட்டைப்பையில் இருபத்தெட்டுப் பக்கக் கட்டும் நான்கு வரித் தாளும் இருந்தன. சின்னதை எடுத்தேன்.

"எங்கள் தாத்தா கோதண்டபாணி யாரையும் கொன்றதாகத் தெரியவில்லை. அவர் விஷப் புகையில் நெஞ்சு வெந்து கிடந்தபோது, ஒரு ஜெர்மன் கைதி தன் தொப்பியைத் திருப்பி, அவர் துப்புவதற்கு இரண்டு நாள் பிடித்துக்கொண்டிருந்தான். இதுதான் அந்தத் தொப்பி. சாகும்வரை அவர் இதில்தான் துப்பினார்."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. "கலி ஆரம்பிச்சிட்டான்யா!" என்று பின்னாலிருந்து ஒருவன். "எச்சித் தொப்பி! எச்சித் தொப்பி!" என்று பிள்ளைகள். "மாமா, ஜெனரல் எங்க போனாரு, வெளிக்கா?" முன்வரிசை அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள்.

அறுபத்திரண்டு வருடமாக நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் நம்பினார்கள். இதை ஒரு பூனைகூட நம்பவில்லை.

சவரி சிரிக்கவில்லை. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் குனிந்தார். "இன்னாய்யா இது? செத்தவங்கள நெனைக்கற எடம். இங்க வந்து எச்சி, சளின்னு அசிங்கம் பண்ற. ஒன் வெளையாட்டுக்கு வேற மேட இல்லியா?" பேனாவை எடுத்தார். முப்பத்தோராம் பெயர்மேல் அதை வைத்தார். நான் பார்த்தேன்.

"இல்ல முசியே, இது வந்து நெஜம்" என்றேன். நானே சொல்லிக் கேட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பிறகு நடந்தது: வானம் இரண்டாகப் பிளந்தது. வெண்குதிரைமேல் ஜெனரல் இறங்கி வந்து தாத்தாவுக்கு சல்யூட் அடித்தான். எட்டுக் கப்பலும் பீரங்கி முழங்கின. கவர்னர் மயங்கினார். கடலூரிலிருந்து காக்கைகள் திரும்பி வந்தன. லட்சோபலட்சம் மக்களும் எழுந்து நின்று கண்ணீர் விட்டார்கள், கண்ணீர் பீச் ரோட்டில் முழங்கால் அளவு ஓடியது.

சரி. எண்பது பேர் இருப்பார்கள். கப்பல் இல்லை, யானையும் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. மேலே எழுதியதையெல்லாம் நானே அடித்துவிடுகிறேன், யாரும் சிரமப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்று நடந்தது. மூன்றாம் வரிசையில் இருந்த அக்கா, குமுதினியின் கையை உதறிவிட்டு எழுந்து மேசைக்கு வந்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். தொப்பியை எடுத்தாள். இருபத்து மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். கூர் இடிக்கும், உருளும், அதைத் திருப்பி நிறுத்த எனக்கு ஒருநாளும் வரவில்லை. அவள் பார்க்காமலே திருப்பினாள். கூர்முனையை நடு இரண்டு விரலுக்கு இடையே விட்டு, அடியை ஒரே உள்ளங்கையில் ஏந்தி, முழங்கால் மடித்து, படுத்திருப்பவன் தாடை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குத் தாழ்த்தினாள். முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், நாற்றத்துக்கு. அப்படியே நின்றாள். ஒரு கை சோர்ந்ததும் மற்றக் கைக்கு மாற்றினாள்.

யாரும் சிரிக்கவில்லை. சவரி பேனாவை மூடிவிட்டுப் பெயரைப் படித்தார்.

இந்தக் குறிப்பேட்டில் வேறு எதையும் நம்பவேண்டாம். அவள் அதைப் பிடித்த விதம் மட்டும் நிஜம்.